எரிகோவின் சுவரும் அரங்கத்தின் சுவரும்

1905ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளிக்கு டுபான்ட் என்றொரு பிரெஞ்சுக்காரர் வந்து சேர்ந்தார். ஊர் ஊராகப் போய்ச் சலனப்படம் காட்டுவது அவர் தொழில். வந்த இடத்தில் உடல்நிலை கெட்டது. இருந்ததை விற்றுவிட்டு நாடு திரும்பிவிடலாம் என்று பார்த்தார். அப்போது திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கோயம்புத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட்டுக்கு வயது 22. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் பணம் புரட்டி, அந்தப் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் அவர் வாங்கினார். அன்றைய நிலையில் அது ஒரு குடும்பம் பல ஆண்டுகள் பிழைக்கக்கூடிய தொகை. வாங்கிய சுருள்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. திருச்சியில் கூடாரம் போட்டு அதைக் காட்டத் தொடங்கிய வின்சென்ட், பின்னர் பெஷாவர் வரை அந்தப் பெட்டியைச் சுமந்து சென்றார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். தென்னிந்தியர் ஒருவர் தொழிலாக எடுத்து நடத்திய சினிமாவின் கதை திருச்சியில், ஒரு விவிலியப் படத்தோடு தொடங்குகிறது.

பம்பாயிலும் ஏறக்குறைய இதுவே நடந்தது. அங்கே ஒரு கொட்டகையில் கிறிஸ்துவின் வாழ்க்கையைப் பார்த்த தாதாசாகேப் பால்கேயின் மனக்கண்ணில் கிருஷ்ணனும் ராமனும் ஓடினார்கள். 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளியானது.

ஆக, விவிலியத்தைத் திரையில் பார்ப்பது திருச்சிக்குப் புதிதல்ல. அந்தப் பழைய படங்கள் பக்திப் படங்கள். கண்ணீரோடு பார்க்கலாம், கைகூப்பலாம். இங்கே பேசப்போவது வேறு வகைப் படம். அகழாய்வாளரும் மொழியியலாளரும் திரையில் வந்து, 'இந்தச் சம்பவம் நடந்ததா, எப்போது நடந்தது, அதற்கு என்ன சான்று?' என்று கேட்கும் ஆவணப்படம். விசுவாசி அதைப் பார்த்தால் மனம் புண்படுமே என்ற தயக்கம் ஒரு பக்கம். நம்பிக்கையில்லாதவருக்கு அதில் என்ன இருக்கிறது என்ற அலட்சியம் இன்னொரு பக்கம். இரண்டு மணி நேரத்தை அதற்குக் கொடுக்கலாமா?

எடுத்துக்காட்டாக ஒரு படத்தையே முன்னால் வைத்துப் பேசலாம். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸின் நோவா வரிசையில் 2008 நவம்பரில் ஒளிபரப்பான 'தி பைபிள்ஸ் பரீட் சீக்ரெட்ஸ்'. இயக்கியவர் கேரி கிளாஸ்மன். ஓடும் நேரம் சுமார் இரண்டு மணி. இஸ்ரயேலர் யார், எங்கிருந்து வந்தார்கள், ஒரே கடவுள் என்ற எண்ணம் அவர்களிடம் எப்போது உறுதிப்பட்டது, விவிலியத்தை எழுதியவர்கள் யார் என்பவைதான் படத்தின் கேள்விகள். எகிப்தியக் கல்வெட்டு ஒன்றில் படம் தொடங்குகிறது. 1896இல் பிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த மெர்னப்தா கல் அது. கி.மு. 1208 வாக்கில் ஒரு பார்வோன் தன் வெற்றிகளைப் பட்டியலிட்டபோது 'இஸ்ரயேல்' என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டான். விவிலியத்துக்கு வெளியே அந்தப் பெயர் கிடைக்கும் மிகப் பழைய சான்று என்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பது இதைத்தான்.

படத்தின் உயிர் இருக்கும் இடம் ஆத்சோர். வட கானானில் சுமார் 200 ஏக்கர் பரப்பில் இருந்த பெருநகரம் அது. இஸ்ரயேலரை நடத்திச்சென்ற யோசுவா அதைத் தீக்கிரையாக்கியதாக யோசுவா நூலின் 11ஆம் அதிகாரம் சொல்கிறது. தோண்டிப் பார்த்தால் தீ உண்மைதான். அரண்மனையின் சுடாத மண்செங்கல் உருகும் அளவுக்குச் சூடு. கி.மு. 13ஆம் நூற்றாண்டு. தலையும் கையும் வெட்டப்பட்ட சிலைகள் சாம்பலுக்குள் கிடந்தன. கொளுத்தியது யார்? அகழாய்வை நடத்திய அம்னோன் பென்-தோர், இஸ்ரயேலர்தான் என்கிறார். எகிப்தியனோ கானானியனோ தன் தெய்வச் சிலைகளை இப்படிச் சிதைத்திருக்க மாட்டான் என்பது அவர் வாதம். அதே குழியில் அவரோடு சேர்ந்து பணியை இயக்கிய ஷரோன் சக்கர்மன், இல்லை என்கிறார். நகரம் ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தது. அரண்மனையும் கோயில்களும்தான் குறிவைத்துத் தாக்கப்பட்டிருக்கின்றன. சொந்த மக்களே ஆள்பவர்களுக்கு எதிராக எழுந்தார்கள் என்பது அவர் வாசிப்பு. ஒரே மண், ஒரே சாம்பல், ஒரே சிலைகள். இரண்டு முடிவுகள். இருவரையும் படம் முழுதாகப் பேசவிடுகிறது.

இந்தச் சில நிமிடங்களுக்காகவே படத்தைப் பார்க்கலாம். சான்று என்பது பேசாப் பொருள், அதைப் பேசவைப்பவர் மனிதர் என்பதைப் பத்துப் பக்கம் படித்தாலும் இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொள்ள முடியாது.

சாலொமோன் கட்டியதாகச் சொல்லப்படும் கோட்டை வாசல்களின் கதையும் அப்படித்தான். ஆத்சோர், மெகிதோ, கேசேர் ஆகிய மூன்று ஊர்களிலும் ஆறு அறைகள் கொண்ட ஒரே மாதிரியான வாசல்கள் கிடைத்தன. அரசர் முதல் நூலில் இந்த மூன்று பெயர்களும் ஒரே வசனத்தில் வருவதைக் கொண்டு அவை சாலொமோனுடையவை என்றார் யிகேல் யாதின். இஸ்ரயேல் பிங்கெல்ஸ்டைன் அவற்றைச் சுமார் நூறு ஆண்டு பின்னால் தள்ளி, வடநாட்டு ஓம்ரி வம்சத்துக்குக் கொடுத்தார். அமிகாய் மசார் பெருமளவு பழைய பக்கமே நிற்கிறார். மட்பாண்டச் சில்லும் எரிந்த விதையின் கரிமக் காலக்கணிப்பும் வைத்து இந்த வழக்கு இன்னும் நடக்கிறது.

ஆய்வுப் படத்தின் பலவீனம் தெரியவேண்டுமானால், யோசுவாவின் முன் மதில் இடிந்து விழுந்ததாக விவிலியம் சொல்லும் எரிகோவுக்குப் போக வேண்டும். 1930களில் அங்கே தோண்டிய ஜான் கார்ஸ்டாங், இடிந்து கிடந்த ஒரு சுவரைக் காட்டி இது யோசுவா காலத்தது என்று அறிவித்தார். அந்த ஆண்டுகளில் ஆவணப்படம் எடுத்திருந்தால் 'எரிகோவின் சுவர் கிடைத்துவிட்டது' என்றே முடிந்திருக்கும். 1952 முதல் 1958 வரை அதே மேட்டை அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்தார் கேத்லீன் கென்யன். கார்ஸ்டாங் காட்டிய சுவர் யோசுவாவுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தையது. யோசுவாவின் காலம் என்று சொல்லப்படும் சமயத்தில் அங்கே மதில் சூழ்ந்த நகரமே இல்லை என்று அவர் முடிவு சொன்னார். ஆகவே, இப்படிப்பட்ட படத்தைப் பார்க்கும்போது எடுத்த ஆண்டை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2008இல் எடுத்த படம் 2008இன் அறிவைத்தான் சொல்லும்.

இதெல்லாம் தொலைதூர விவகாரம் என்று திருச்சி வாசகர் நினைக்க வேண்டியதில்லை. காவிரிக்கு அக்கரையில் இதே வழக்கு எழுநூறு ஆண்டாக நிலுவையில் இருக்கிறது.

திருவரங்கத்தின் கோயிலொழுகு, கோயிலுக்கு நடந்தது அனைத்தையும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து எழுதிய நூல். யார் மண்டபம் கட்டினார், யார் கொடை தந்தார், யாருக்கு என்ன மரியாதை என்று கணக்குச் சொல்லிக்கொண்டே வந்து, தில்லிப் படையெடுப்பில் கதறுகிறது. பன்றியாழ்வான் மேட்டில் பன்னீராயிரம் பேர் மாண்டார்கள் என்கிறது. அரங்கனின் உற்சவத் திருமேனியான நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு பிள்ளை லோகாசாரியர் தெற்கே நடந்தார், ஜோதிஷ்குடியில் உயிர்விட்டார் என்பது வைணவ மரபு. கரம்பனூர்ப் பெண் ஒருத்தி பெருமாளின் பின்னாலேயே தில்லி வரை போனாள் என்றும், சுல்தான் மகள் அந்த விக்கிரகத்தின்மேல் காதலாகித் திருவரங்கம் வரை வந்தாள் என்றும் கதை விரிகிறது. துலுக்க நாச்சியார் சன்னதியில் இன்றும் சிலை இல்லை. சுவரில் ஓர் ஓவியம்தான். பெருமாளுக்கு அங்கே ரொட்டி அமுது செய்யப்படுகிறது. கிழக்கே வெள்ளைக் கோபுரத்துக்கு, படைத்தலைவனைத் தள்ளிவிட்டுத் தானும் குதித்த வெள்ளாயியின் பெயரைச் சொல்கிறார்கள்.

இதில் எது வரலாறு? கோயிலொழுகை 1961இல் வரலாற்றுக் குறிப்புகளோடு ஆங்கிலத்தில் தந்த வெ.ந. ஹரிராவ், அதை அப்படியே விழுங்கவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. 1311இல் வந்த மாலிக் காபூரின் படையும் 1323இல் வந்த உலூக் கானின் படையும் மரபின் நினைவில் ஒன்றோடொன்று கலந்திருப்பதைப் பிரித்துக் காட்டினார். வெளியிலிருந்தும் சாட்சிகள் உண்டு. மாலிக் காபூரின் படையெடுப்பைத் தில்லிப் பக்கத்திலிருந்து அமீர் குஸ்ரு எழுதினார். விஜயநகர இளவரசன் கம்பணனின் மனைவி கங்காதேவி எழுதிய மதுராவிஜயம் திருவரங்கம் பாழ்பட்டுக் கிடந்ததைச் சொல்கிறது. அதன் சுவடி 1916இல்தான் திருவனந்தபுரத்தில் கிடைத்தது.

எல்லாவற்றையும்விட உறுதியான சாட்சி கோயில் சுவரிலேயே இருக்கிறது. இரண்டே வடமொழிச் சுலோகங்கள். அவற்றை இயற்றியவர் வேதாந்த தேசிகர் என்பது மரபு. கம்பணனின் அதிகாரியான கோபணார்யர் அரங்கனை அஞ்சனாத்திரியிலிருந்து, அதாவது திருமலையிலிருந்து, செஞ்சிக்குக் கொண்டுவந்து சில காலம் ஆராதித்தார். பின்பு துலுக்கரை வென்று திருமகளோடும் நிலமகளோடும் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தார் என்பது செய்தி. ஆண்டு எண்ணாகப் பொறிக்கப்படவில்லை. 'பந்துப்ரிய' என்ற சொல்லில் அது மறைந்திருக்கிறது. கடபயாதி முறைப்படி எழுத்துக்கு ஓர் எண். ப வரிசையின் மூன்றாம் எழுத்துக்கு 3. த வரிசையின் நான்காம் எழுத்துக்கு 9. 'ப்ரி'யில் கடைசி மெய்யான ரகரத்துக்கு 2. யகரத்துக்கு 1. மூன்று, ஒன்பது, இரண்டு, ஒன்று. வலமிருந்து இடமாகப் படித்தால் 1293. சக ஆண்டு 1293உடன் 78ஐக் கூட்டினால் கி.பி. 1371. உலூக் கான் வந்த 1323இலிருந்து எண்ணிப் பார்த்தால் 48 ஆண்டு. அரங்கன் ஊரில் இல்லாத காலம் 48 ஆண்டு என்று மரபு சொல்லிவந்த கணக்கோடு இது ஒத்துப்போகிறது.

கல் சொல்வது இவ்வளவுதான். பன்னீராயிரத்தைப் பற்றியோ, சுல்தான் மகளைப் பற்றியோ, வெள்ளாயியைப் பற்றியோ அது பேசவில்லை. அவை பொய் என்றும் அது சொல்லவில்லை. இந்த வேறுபாடு புரிந்த திருவரங்கத்துக்காரர் விவிலிய ஆய்வுப் படத்தைப் பார்க்க முழுத் தகுதி பெற்றவர். எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரயேலரில், விவிலியத்தின் எண்ணாகமம் தரும் கணக்கெடுப்பின்படி, போருக்குத் தகுதியான ஆண்கள் மட்டும் 6,03,550 பேர். பெண்கள், குழந்தைகளோடு இருபது லட்சம் தாண்டும். அத்தனை பெரிய கூட்டம் நாற்பது ஆண்டு தங்கியதற்குச் சீனாய் பாலைவனத்தில் தடயம் கிடைக்கவில்லை. இதைத் திரையில் கேட்கும் விசுவாசி திடுக்கிடலாம். பன்றியாழ்வான் மேட்டின் எண்ணிக்கையை நினைத்துக்கொண்டால் பதற்றம் குறையும். புனித வரலாற்றில் எண் என்பது பல சமயம் இழப்பின் அளவையோ பெருமையின் அளவையோ சொல்ல வந்தது. தலை எண்ணிப் போட்ட கணக்காக அதை எடுத்துக்கொண்டால் படிப்பவர்தான் இடறுவார்.

கல்லும் ஏடும் சேர்ந்து பேசும் இடங்கள் விவிலியத்திலும் உண்டு. கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்தான். அரசர் இரண்டாம் நூல், யூதாவின் அரசன் எசேக்கியா அவனுக்கு 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கொடுத்ததாகச் சொல்கிறது. சனகெரிப்பின் களிமண் பட்டயம் பொன் 30 என்றே சொல்கிறது. வெள்ளியை மட்டும் 800 ஆக்குகிறது. எருசலேம் தப்பியது கர்த்தரின் தூதனால் என்கிறது விவிலியம். எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் அடைத்துவைத்ததாகப் பெருமை பேசும் பட்டயம், நகரைப் பிடித்ததாக எங்கும் சொல்லவில்லை. வென்றவனும் தப்பியவனும் தனித்தனியே எழுதியதில் பொன்னின் கணக்கு ஒத்துப்போவது சிலிர்க்கவைக்கும் செய்தி.

நோவா படத்தில் வரும் இன்னொரு பொருளைத் தமிழ் வாசகர் உடனே அடையாளம் கண்டுகொள்வார். எருசலேமுக்கு வெளியே கெதேப் இன்னோமில் ஒரு கல்லறைக் குகை. 1979இல் கப்ரியேல் பர்காயின் குழு அங்கே சுருட்டிய இரண்டு சிறு வெள்ளித் தகடுகளைக் கண்டெடுத்தது. நூல் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொள்ளும் வாகில் நடுவே துளை. சரியான தாயத்து. நொறுங்கிவிடாமல் விரிக்கவே மூன்று ஆண்டு பிடித்தது. பெரியதன் நீளம் விரித்தபின் சுமார் பத்து சென்டிமீட்டர். அதில் மயிரிழைக் கீறல்களாக எழுதியிருந்தது எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தின் ஆசாரிய ஆசீர்வாதம். திருச்சி சபைகளில் ஆராதனை முடியும்போது ஆயர் கை உயர்த்திச் சொல்லும் அதே ஆசீர்வாதம். அந்தத் தகடுகள் கி.மு. 600ஐ ஒட்டியவை. சாக்கடல் சுருள்களைவிட ஏறக்குறைய நானூறு ஆண்டு மூத்தவை. பிள்ளையின் கழுத்தில் தாயத்துக் கட்டிய தாயின் பயத்தையும் நம்பிக்கையையும் அறிந்த ஊர்க்காரருக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

படத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. எகிப்திலிருந்து தப்பிய ஒரு சிறு கூட்டம், மீதியான் பக்கம் நாடோடிகளாகத் திரிந்த ஷாசுகளிடமிருந்து யாவே என்ற கடவுளின் பெயரை அறிந்து கானான் மலைக்குக் கொண்டுவந்தது என்ற கருத்தைப் படம் சரளமாகச் சொல்லிக்கொண்டு போகிறது. அதற்கு அடிப்படை, எகிப்தியக் கோயில் பட்டியல்களில் 'யாவே ஷாசு நிலம்' என்று வாசிக்கப்படும் சில எழுத்துகள். கருத்து நல்ல கருத்துதான். ஆனால் ஆத்சோருக்குக் கொடுத்த எதிர்வாதத்தை இங்கேயும் கொடுத்திருக்க வேண்டும். பாபிலோன் சிறையிருப்பில்தான் ஒரே கடவுள் நம்பிக்கை கெட்டிப்பட்டது என்ற முடிவும் கொஞ்சம் அவசரமாக வந்துவிடுகிறது. உருக்கமான இசையும், நடிகர்கள் ஏடு எழுதும் காட்சியும் சேரும்போது ஊகம் சம்பவமாகிவிடுகிறது. அந்த இடங்களில் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சான்றை மட்டும் கவனிப்பது நல்லது.

இதைக்கூட மன்னிக்கலாம். மன்னிக்கக் கூடாத படங்களும் அறிவியல் உடுப்பில் வருகின்றன. 2007இல் ஜேம்ஸ் கேமரூன் தயாரிப்பில், சிம்கா யாக்கோபோவிச்சி இயக்கத்தில் வந்த 'தி லாஸ்ட் டூம் ஆஃப் ஜீசஸ்' அந்த வகை. 1980இல் எருசலேமின் தல்பியோத்தில் கிடைத்த கல்லறையில் பத்து எலும்புப் பெட்டிகள். ஆறில் பெயர்கள். யோசேப்பின் மகன் இயேசு, மரியா, யோசே என்று இருந்ததைக் கொண்டு அது இயேசுவின் குடும்பக் கல்லறை என்றது படம். அந்தக் கல்லறையை ஆராய்ந்து எழுதிய அமோஸ் குளோனர், இவை அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த பெயர்கள் என்றார். திருவரங்கம் சித்திரை வீதியில் ஒரு வீட்டுப் பலகையில் ரங்கராஜன், தகப்பனார் ஸ்ரீநிவாசன், தாயார் ரங்கநாயகி என்று இருந்தால், நாம் தேடும் ரங்கராஜன் இவர்தான் என்று அடித்துச் சொல்ல முடியுமா? எதிர்ப்பக்கத்தில், 2014இல் டிமோத்தி மஹோனி எடுத்த 'பேட்டர்ன்ஸ் ஆஃப் எவிடென்ஸ்' யாத்திராகமத்தை நிரூபிக்கக் கிளம்பி, பொருந்தாத காலக்கணக்கைப் பொருத்த எகிப்தின் வரலாற்றுக் காலவரிசையையே நகர்த்தப் பார்க்கிறது. ஒன்று நம்பிக்கையை உலுக்க வந்தது, மற்றது காப்பாற்ற வந்தது. முடிவை முதலில் எழுதிவிட்டுச் சான்று தேடியதில் இரண்டும் ஒன்றே.

விசுவாசிக்கு இப்படிப்பட்ட படம் ஆகுமா என்ற கேள்விக்கு, கத்தோலிக்கத் திருச்சபை எண்பது ஆண்டுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. 1943இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், விவிலிய நூல்களைப் படிப்பவர் அந்தக் கால எழுத்து வகைகளையும் தொல்லியலையும் கற்க வேண்டும் என்று சுற்றுமடல் எழுதினார். சாக்கடல் சுருள்கள் கிடைத்த கும்ரானின் அகழாய்வுக்குத் தலைமை தாங்கிய ரோலன் தெ வோ ஒரு தொமினிக்கன் குரு. தமிழிலும் இந்தக் கல்வி புதிதல்ல. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் நூல் முன்னுரைகளைப் படித்திருப்பவருக்கு, மோசே நூல்களில் பல கைகளின் எழுத்து கலந்திருக்கிறது என்று படம் சொல்லும்போது அதிர்ச்சி வராது.

ஆகவே, பார்க்கலாம். நோவா படத்தைத் தயங்காமல் பார்க்கலாம். ஒரு குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு, யார் பேசுகிறார், எந்தக் கல்லைக் காட்டிப் பேசுகிறார், மறுப்பவர் வந்தாரா என்று மூன்று வரி எழுதிக்கொண்டே பார்த்தால் இரண்டு மணி நேரமும் வீண்போகாது. மறுப்பவரே வராத படத்தை அரைமணியில் அணைத்துவிடலாம்.

திருச்சியில் படக்கலை படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. திருவரங்கம் கண்ட அந்தப் படையெடுப்புகளையும் அந்த 48 ஆண்டுகளையும் இதே ஒழுங்கில் தமிழில் படமாக்குங்கள். கோயிலொழுகு, அமீர் குஸ்ரு, கங்காதேவி, கோபணார்யர் கல்வெட்டு என்று நான்கு சாட்சிகளும் தயாராக இருக்கிறார்கள். கல்வெட்டு அறிஞரையும், கோயிலில் பாசுரம் பாடும் அரையர் மரபில் வந்தவரையும் ஒரே சட்டகத்தில் உட்காரவைத்துப் பேசவிடுங்கள். துலுக்க நாச்சியாரின் ஓவியத்தை அதற்குரிய மரியாதையோடு காட்டுங்கள். சாமிக்கண்ணு வின்சென்ட் கூடாரம் அடித்த ஊர் இது. பார்க்க ஆள் வருவார்கள்.